டைனமோ சுத்திக் கேட்ட ட்ரம்பெட்: புளூஸ் ஆலி லைவ் பதிவைப் பற்றிக் கதைப்பம்

குளக்கட்டு:
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

97ல நாங்கள் கிளிநொச்சியால இடம்பெயர்ந்து மல்லாவியில ஒரு காணிக்க கொட்டில் போட்டு இருந்தனாங்கள். எனக்கு 11 வயசு. பக்கத்துக் கொட்டிலில ஒரு மியூசிக் மாஸ்டர், 95 இடப்பெயர்வோட யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவர். அவரிட்ட ஒரு சின்ன கசெட் றேடியோவும் நாலைஞ்சு கசெட்டும் தான் மிச்சம். சண்டையால பற்றரி வன்னிக்குள்ள வரவிடாத காலம், தெரியும்தானே, சைக்கிளை ஸ்டாண்டில விட்டு பெடலைக் கையால சுத்தி டைனமோவில வயர் குடுத்துத்தான் பாட்டோ செய்தியோ கேக்கிறது. மாஸ்டருக்கு பெடல் சுத்துற ஆள் நான். கூலி ஒரு துண்டு பனங்கட்டி.

அந்தக் கசெட்டுகளில ஒண்டுக்கு பேரே எழுதேல்ல, நீல மையால ஒரு ட்ரம்பெட் மட்டும் கீறியிருந்தது. லண்டனில இருந்து ஆரோ கொப்பி அடிச்சு அனுப்பினதாம். அதில ஒரு பாட்டு வரும், ட்ரம்பெட் தன்ர பாட்டில மெதுவாப் பாடிக்கொண்டு போகும், பின்னால ட்ரம்ஸ் முதல் நொண்டும், பிறகு நடக்கும், பிறகு ஓடும், பிறகு மூச்சு வாங்க ஓடும், சடாரெண்டு திரும்பவும் நொண்டத் தொடங்கும். அந்த இடம் வந்தாலே மாஸ்டர் "டேய் ஒரே சீராச் சுத்தடா, ஒரே சீரா" எண்டு கத்துவார். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு சுத்துவன், கை மூட்டு நோகும், ஆனாலும் நொண்டும். என்னாலதான் பாட்டு பழுதாப்போகுது எண்டு கன வருசம் நம்பிக்கொண்டிருந்தன்.

போன வருசம் மகளுக்கு ஃபோனில ஏதோ பாட்டுத் தேடிக் குடுக்க, தானா ஓடின லிஸ்டில அந்த நொண்டல் கேட்டுது. சைக்கிளும் இல்ல டைனமோவும் இல்ல, ஃபோனில முழுச் சார்ஜ், ஆனா ட்ரம்ஸ் அதே இடத்தில நொண்டுது. அப்பிடியே கதிரையில இருந்திட்டன்.

பேர் இதுதான்: விண்டன் மார்சாலிஸ் குவார்ட்டெட் (நாலு பேர் ஜாஸ் செட்), லைவ் அட் புளூஸ் ஆலி. வாஷிங்டனில ஜோர்ஜ்டவுன் பக்கம் இருக்கிற புளூஸ் ஆலி எண்ட கிளப்பில 1986 டிசம்பர் 19, 20 ரெண்டு இரவும் பதிஞ்சது, கொலம்பியா கொம்பனி 1988ல ரெண்டு டிஸ்க்கா விட்டது. ட்ரம்பெட் விண்டன், பியானோ மார்கஸ் றொபேட்ஸ், நிண்டு வாசிக்கிற பெரிய பேஸ் றொபேட் ஹேர்ஸ்ட், ட்ரம்ஸ் ஜெஃப் வாட்ஸ். விண்டனுக்கு அப்ப 25 வயசுதான். அந்தப் பாட்டின்ர பேர் ஓட்டம் லீவ்ஸ் (Autumn Leaves).

என்ர கேள்வி ஒண்டுதான். அந்த ட்ரம்ஸ்காரர் அதில என்னதான் செய்யிறார்? தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ.

மாங்குளத்தாள்:
அண்ணை, டைனமோ எண்டதும் எனக்கு அம்மாவின்ர கை தான் ஞாபகம் வந்துது. இரவு செய்திக்கு அவதான் சுத்துவா, செய்தி முடிய கை சிவந்துபோயிருக்கும்.
ஜாஸ் எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டு அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டன். ஸ்டாண்டர்ட் எண்டு எல்லா இடமும் போட்டிருக்கினம், அதென்ன?

பாலைப்பழம்:
ஸ்டாண்டர்ட் எண்டா எல்லா ஜாஸ்காரருக்கும் பாடமா இருக்கிற பழைய பாட்டு தங்கச்சி. முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு மேடையில ஏறி பேரைச் சொன்ன உடனே வாசிக்கலாம். கனக்க அந்தக் காலத்து சினிமா, நாடகப் பாட்டுகள் தான். ஓட்டம் லீவ்ஸ் மெட்டு ஜோசப் கோஸ்மா போட்டது, ஹங்கேரியில பிறந்து பாரிசில இருந்தவர். பிரெஞ்சு வரி ஜாக் பிரேவேர் எண்ட கவிஞர், ஆங்கில வரி ஜானி மேர்சர். இதே ரெக்கோட்டில இருக்கிற செரோக்கி எண்ட பாட்டு ரே நோபிள் எண்ட இங்கிலாந்துக்காரர் 1938ல எழுதினது. இந்த ரெக்கோட்டில இப்பிடி ஸ்டாண்டர்டுகளும் இருக்கு, விண்டனே எழுதின நோஸ் மோ கிங், ஸ்கெய்ன்ஸ் டொமெய்ன் மாதிரி சொந்த உருப்படிகளும் இருக்கு. நோஸ் மோ கிங் எண்டதைச் சேத்துச் சொல்லிப் பாருங்கோ, நோ ஸ்மோக்கிங் எண்டு வரும்.

ஆனா குளக்கட்டு, ஒண்டு சொல்லுறன் கோவிக்காதேங்கோ. எனக்கு இந்த ரெக்கோட் நெஞ்சில ஒட்டேல்ல. 25 வயசுப் பெடியன் தனக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் ரெண்டு இரவில கொட்டித் தீக்கிறான். வேகம், வேகம், வேகம். ட்ரம்பெட் குவார்ட்டெட் லைவ் எண்டா நான் ஆர்ட் ஃபாமர் எண்ட ட்ரம்பெட்காரர் நியூயோர்க் ஹாஃப் நோட் கிளப்பில வாசிச்சதைத் தான் சொல்லுவன், 1963ல பதிஞ்சது, பியானோவே இல்ல, ஜிம் ஹோல் கிட்டார், ஸ்டீவ் ஸ்வாலோ பேஸ், வோல்டர் பேர்க்கின்ஸ் ட்ரம்ஸ். ஃபாமர் அதில ஃப்ளூகல்ஹோர்ன் தான் வாசிக்கிறார், ட்ரம்பெட்டின்ர தமக்கை மாதிரி, குரல் தடிப்பு, மென்மை. ஒரு ஸ்வரம் விட்டா அது போய் விழுறதுக்கு இடம் விட்டிருக்கும். வவுனியாவில இரவு பஸ்ஸுக்கு நிக்கேக்க அதைக் கேட்டுப்பாருங்கோ.

ஒட்டுசுட்டான்காரன்:
இவ்வளவு தூரம் போவான் ஏன், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தா நாலு கூட்டு மேளம் நேரில கேக்கலாம். எங்கட நாதஸ்வரத்தில இல்லாத என்ன இந்த ஊதுகுழலில இருக்கு?

வெள்ளைமணல்:
ஒட்டுசுட்டான் அண்ணை, நானும் வற்றாப்பளைக்கு வாற ஆள்தான், நாதஸ்வரத்தைக் குறைச்சுச் சொல்ல வாயே வராது. ஆனா நான் முல்லைத்தீவில 20 வருசத்துக்கு மேல பாண்டில ட்ரம்பெட் ஊதுறவன், கோயில் திருநாள், கலியாணம், சாவீடு எல்லாம், அதால இது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சொண்டில தெரியும். நாதஸ்வரத்துக்கு சீவாளி இருக்கு, வாயில வச்சு ஊதுற நாணல் துண்டு. ட்ரம்பெட்டுக்கு எங்கட சொண்டுதான் சீவாளி. மவுத்பீசுக்க சொண்டு துடிக்கிற துடிப்புத்தான் சத்தமா வருது, மிச்சமெல்லாம் ஒண்டரை மீட்டர் அளவு பித்தளைக் குழாய், மூண்டு வால்வு. நடு வால்வை அமத்தினா அரைச் சுருதி இறங்கும், முதலாவது முழுச் சுருதி, மூண்டாவது ஒண்டரை. அவ்வளவுதான் கைக்கு வேலை, மேல ஏறுறது இறங்குறது எல்லாம் சொண்டும் வயிற்று மூச்சும்.

இப்ப விசயத்துக்கு வாறன். மேளக் கச்சேரியில ரெண்டு நாயனம் இருக்கும், ஒருத்தர் விட மற்றவர் பிடிப்பார். எங்கட பாண்டில மூண்டு ட்ரம்பெட், அதிலயும் அப்பிடித்தான். ஜாஸ் குவின்டெட் (அஞ்சு பேர் செட்) எண்டா பக்கத்தில சக்ஸஃபோன் நிக்கும், அவர் வாசிக்கேக்க ட்ரம்பெட்காரர் தண்ணி குடிச்சு சொண்டை ஆற விடலாம். குவார்ட்டெட்டில ஊதுறது ஒருத்தர் மட்டும். முதல் மெட்டும் அவர், பிறகு சுத்துச் சுத்தா கற்பனையும் அவர், கடைசியில திரும்ப மெட்டும் அவர். நான் சாவீட்டில ஒரு மணித்தியாலம் தனிய ஊதினா சொண்டு மரத்துப்போகும், மவுத்பீசை அமத்த அமத்த ரத்தம் நிண்டிடும், பிறகு சத்தத்துக்குப் பதிலாக் காத்துத்தான் வரும். இந்தப் பெடியன் ரெண்டு இரவு நிண்டு ஊதியிருக்கிறார், அதுவும் செரோக்கி மாதிரி ஓட்டத்தில. செரோக்கி மற்றப் பாட்டு மாதிரி 32 பார் (பார் எண்டா நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளக் கட்டு) இல்ல, 64 பார், நடுவில சுருதி படி படியா இறங்கி இடம் மாறிக்கொண்டே போகும், அந்த இடத்தில கனக்கப் பேர் தடுக்கி விழுந்திருக்கினம். சார்லி பார்க்கர் எண்ட சக்ஸஃபோன்காரர் 1945ல அதின்ர அடித்தளத்தை வச்சுத்தான் கோ கோ எண்ட உருப்படியைச் செய்தவர்.

பாலைப்பழம் சொல்லுற மாதிரி கொட்டுறார் தான். ஆனா நான் அதைக் கேக்கேக்க எங்க ஆறுறார் எண்டு தான் பாக்கிறன். ஒரு வரி ஊதிப்போட்டு ஒரு வரி விடுவார், அந்த இடைவெளிக்க மார்கஸ் றொபேட்ஸ் பியானோவில கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுற மாதிரி ஒரு சொல் போடுவார் (அவர் சின்ன வயசில பார்வை போனவர், முழுக்கக் காதால தான்). அந்த ஒரு வரி நேரம்தான் சொண்டுக்குக் கிடைக்கிற ஓய்வு. லைவ் எண்டதால ஸ்டூடியோ மாதிரி வெட்டி ஒட்டி மறைக்கிறது சுகமில்ல, அப்பிடியே கேக்குது.

என்ர ட்ரம்பெட் கதையும் ஒண்டு இருக்கு. 2009ல புதுக்குடியிருப்பில விட்டிட்டுப் போகேக்க அதைச் சாரத்தில சுத்தி, உரப்பைக்க போட்டுக் கட்டி, வளவுக்க தோண்டி வச்சிட்டுப் போனன். 2012ல தான் போய்த் தோண்டினது. உரப்பை உக்கிப்போச்சு, ட்ரம்பெட் பச்சையாக் கிடந்தது, நடு வால்வு அமத்தின மாதிரியே இறுகிப்போய் மேல வரேல்ல. மண்ணெண்ணெயில ஊறப்போட்டும் அசையேல்ல. பிறகு கொழும்பில திருத்துறவரிட்டக் கொண்டுபோகும் வரை எட்டு மாசம் ரெண்டு வால்வோட தான் ஊதினன், எல்லாம் அரைச் சுருதி கீழ. தேவாலயத்தில பாட்டுக்காரப் பிள்ளையள் எனக்காகத் தங்கட சுருதியை இறக்கிப் பாடினதுகள்.

மாங்குளத்தாள்:
அண்ணை, கடைசி வரியை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுத வரேல்ல.

தவில்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். நான் முள்ளியவளை. தவில். மகன்தான் இதை வாசிச்சுக் காட்டினவர், நான் சொல்ல அவர் ரைப் பண்ணுறார்.

தம்பி குளக்கட்டு, உம்மட நொண்டலைக் கேட்டன். மூண்டு தரம் கேட்டன். முதல் தரம் எனக்கும் பிடிபடேல்ல, ரெண்டாம் தரம் மேசையில தாளம் போட்டுக்கொண்டு கேட்டன், அப்ப விளங்கிச்சுது. அந்த ஆள் நடை மாத்துறார்.

அதாவது ஒரு பார் எண்டு இவையள் சொல்லுற அளவு கொஞ்சமும் கூடேல்ல குறையேல்ல. கை அதே இடத்தில விழுது. முதல் பாருக்க ஒரு அடி. அடுத்த பாருக்க ரெண்டு. அடுத்ததுக்க மூண்டு. பிறகு நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. பிறகு திரும்ப ஒண்டில இருந்து. அதுதான் உமக்கு நொண்டல் மாதிரியும் ஓட்டம் மாதிரியும் கேட்டது. மூண்டு எங்கட திஸ்ரம், நாலு சதுஸ்ரம், அஞ்சு கண்டம், ஏழு மிஸ்ரம். எட்டு நாலின்ர இரட்டிப்பு, ஆறு மூண்டின்ர இரட்டிப்பு. தனித்தவிலில நாங்கள் இதைத்தானே செய்யிறம். எங்கட அளவெட்டி தட்சிணாமூர்த்தி அண்ணையின்ர தவிலைக் கேட்ட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா நாங்கள் ஒரு நடையைப் பிடிச்சா ரெண்டு மூண்டு ஆவர்த்தனம் (தாளத்தின்ர முழுச் சுத்து) அதில இருந்து கேக்கிற சனத்துக்கு அதைப் பழக்கிப்போட்டுத்தான் அடுத்ததுக்குப் போவம். இந்த ஆள் பாருக்குப் பார் மாத்துது. அதுவும் முன்னால ஒருத்தர் அசையாமல் மெட்டு வாசிச்சுக்கொண்டு நிக்க. அந்த மெட்டுக்காரர் மனசுக்க எவ்வளவு இறுக்கமாத் தாளம் வச்சிருக்க வேணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பின்னால இருந்து உதவி வாறேல்ல, குழப்பம்தான் வருது.

இன்னொண்டு. உம்மட மாஸ்டர் சங்கீதம் தெரிஞ்ச மனுசன். பெடல் தளர்ந்தா ட்ரம்ஸ் மட்டும் தளராது, ட்ரம்பெட்டின்ர சுருதியும் சேந்து இறங்கும், ரேப் முழுக்க ஒரே வேகத்தில தானே ஓடுது. அது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ட்ரம்பெட் நேர நிக்க ட்ரம்ஸ் மட்டும் நொண்டினா அது உம்மட பிழை இல்லை எண்டும் தெரிஞ்சிருக்கும். அப்ப ஏன் அந்த இடத்தில மட்டும் "ஒரே சீராச் சுத்து" எண்டு கத்தினவர்? நான் நினைக்கிறன் அவருக்கு அந்தக் கணக்கு கேக்க வேணும். பெடல் ஒரே சீரா இருந்தாத்தான் அஞ்சு அஞ்சாக் கேக்கும், ஏழு ஏழாக் கேக்கும். நீர் கொஞ்சம் தளர்ந்தாலும் கணக்குப் போச்சு. அந்த நேரம் அவருக்குத் தாளம் போட்ட கை உம்மட கைதான் தம்பி. அவர் உம்மை ஏசேல்ல.

குளக்கட்டு:
ஐயா.
நான் இதை நேற்று இரவு வாசிச்சனான், இப்பதான் எழுத முடியுது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விரலால தொடையில தட்டிக்கொண்டு இருப்பார், பாட்டு முடிய விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணுவார். எட்டு விரல் வரை மடக்கினது எனக்கு இப்பதான் ஞாபகம் வருது. நான் அதை எனக்குத் தரவேண்டிய பனங்கட்டிக் கணக்கு எண்டு நினைச்சிருந்தன்.

பாலைப்பழம்:
தவில்வீட்டு ஐயா சொன்னது சரி. விண்டன்ர ஸ்டூடியோ பதிவு ஒண்டிலயும் இதே ஏற்பாடு இருக்கு, ஸ்டாண்டர்ட் டைம் முதலாம் பாகம், 1987ல வந்தது. அதில ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ணுறது சுகம், சத்தம் சுத்தம். முதல் அதைக் கேட்டிட்டு லைவுக்கு வாங்கோ.

நான் முதல் சொன்னதில ஒரு பகுதியை எடுக்கிறன். வேகம் எண்டு சொன்னன், ஓட்டம் லீவ்ஸை ஐயா மாதிரி மேசையில தட்டிக்கொண்டு கேட்ட பிறகு அதை வேகம் எண்டு சொல்ல வரேல்ல. ஆனா செரோக்கியில நான் சொன்னது சொன்னதுதான். அதில அவர் பாட்டைக் கேக்கேல்ல, பாட்டைத் துரத்துறார். ஆர்ட் ஃபாமர் பக்கம்தான் நான்.

ஒட்டுசுட்டான்காரன்:
நானும் கேட்டன். முழுக்கப் பிடிபட்டது எண்டு சொல்லமாட்டன். ஆனா தவில்வீட்டு அண்ணை கேள்வி ஒண்டு, இது எங்கட ராக ஆலாபனை மாதிரியோ? மெட்டை விட்டிட்டு அவர் தன்ர பாட்டில போறார், எங்க இருக்கிறார் எண்டு விளங்கேல்ல.

தவில்வீடு:
இல்லை தம்பி, ஆலாபனைக்குத் தாளக்கட்டு இல்லைத்தானே. இது நிரவல், கற்பனாஸ்வரம் பக்கம். தாளவட்டத்துக்க நிண்டு கற்பனை செய்து எடுப்புக்கு, அதாவது பாட்டு வரி தொடங்குற இடத்துக்கு, வந்து விழுற விளையாட்டு. வெள்ளைமணல் சொன்ன 32 பார் தான் இவையின்ர பெரிய ஆவர்த்தனம் எண்டு வையுங்கோ. ஒவ்வொரு சுத்துக்கும் அதே 32. எங்கட ராகம் ஒரு உருப்படி முழுக்க ஒரே வீட்டுக்க நிக்கும், இவைக்கு பியானோக்காரர் பாருக்குப் பார் வீட்டை மாத்துவார். அதால அவர் போற வழி வேற மாதிரிக் கேக்கும். நீங்கள் மெட்டை மனசுக்க பாடிக்கொண்டே கேளுங்கோ, எங்க இருக்கிறார் எண்டு தானாப் பிடிபடும்.

மாங்குளத்தாள்:
எனக்குக் கணக்கு விளங்காது, ஆனா ரெண்டாவது டிஸ்க்கில நியூ ஓர்லியன்சைப் பிரிஞ்ச ஏக்கம் பற்றி ஒரு மெதுவான பாட்டு இருக்கே, ஊரை விட்டுப் பிரிஞ்சிருக்கிறது எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ எண்டு கேக்கிற மாதிரித் தலைப்பு. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறன். 1947ல வந்த ஒரு படத்தில லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் பில்லி ஹொலிடேயும் செய்த பாட்டாம். விண்டன் பிறந்த ஊரே நியூ ஓர்லியன்ஸ் தானாமே, 1979ல படிக்க நியூயோர்க் போனவர், இது பதியேக்க ஊரை விட்டு ஏழு வருசம். பிறகு 2005ல கத்ரீனா புயலோட அந்த ஊருக்குள்ள வெள்ளம் ஏறினது. பதியேக்க அது தெரியாதுதானே. ஆனா இப்ப கேக்கிற எனக்கு அந்த வெள்ளமும் சேந்துதான் கேக்குது.

மாங்குளத்தில எங்கட பழைய வளவுக்குத் திரும்பிப் போகேக்க கிணத்தடியில கமுகு ரெண்டு தான் நிண்டது. வீட்டின்ர அத்திவாரம் எங்க எண்டு அந்தக் கமுகில இருந்து அடி அளந்துதான் கண்டுபிடிச்சனாங்கள். கிணத்தில இருந்து குசினி வாசலுக்கு 14 அடி எண்டு அம்மாவுக்கு மறக்கேல்ல. அந்தப் பாட்டில விண்டன் ஒரு வரியைத் தொடங்கிப்போட்டு நிண்டு திரும்பவும் தொடங்குவார், அந்த இடத்தில அம்மா அடி வச்சு அடி வச்சு நடந்ததுதான் கண்ணுக்க வருது.

பாலைப்பழம்:
தங்கச்சி, அந்தப் பாட்டுக்கு நானும் வாய் திறக்கேல்ல பாத்தீங்களோ. அதில அவர் துரத்தேல்ல.

வெள்ளைமணல்:
அதை ஊதிப் பாத்தன் நேற்று. சுகமான பாட்டு எண்டு நினைச்சா ஏமாந்துபோவியள். மெதுவான பாட்டில ட்ரம்பெட்டுக்கு ஒளிக்க இடமில்ல, ஸ்வரத்தைத் தொடங்கேக்க சொண்டு கொஞ்சம் தடுமாறினாலும் அப்பிடியே கேக்கும்.

இன்னொரு தகவல். இந்த நாலு பேரும் இதுக்குப் பிறகு கன காலம் ஒண்டா இருக்கேல்ல. விண்டன் பழைய நியூ ஓர்லியன்ஸ் முறைப்பக்கம் திரும்பி பெரிய செட் சேத்தார், ஹேர்ஸ்டும் வாட்ஸும் பிறகு விண்டன்ர தமையன் பிரான்ஃபோர்ட்டோட சேந்து தொண்ணூறுகளில அமெரிக்க ரீவியில இரவு நிகழ்ச்சி பாண்டில இருந்தவை. அதால இந்த ரெண்டு இரவு பதியாமல் விட்டிருந்தா அந்த நாலு பேரும் மேடையில சேந்து நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தவில்வீட்டு ஐயா, ஒரு கேள்வி. முள்ளியவளை எனக்கு மோட்டர் சைக்கிளில கிட்டத்தான். நான் ட்ரம்பெட்டைக் கொண்டு வந்தா அந்த ஒண்டு ரெண்டு மூண்டை ஒருக்கா செய்து பாப்பமோ?

தவில்வீடு:
வாரும். சனிக்கிழமை பின்னேரம். தவில் சத்தம் பெருசு, உம்மட ட்ரம்பெட் தாங்குமோ எண்டு பாப்பம்.

வெள்ளைமணல்:
போன கதை எழுதுறன், குளக்கட்டு கட்டாயம் வாசிக்க வேணும்.

ஐயாவின்ர வீட்டு முத்தத்தில வேம்புக்குக் கீழ பாய் போட்டு இருந்தம். முதல் ட்ரம்பெட்டை மியூட் (சத்தம் குறைக்கிற அடைப்பு) இல்லாமல் ஊதினன், தவிலுக்குச் சரியா நிண்டுது. மெட்டைத் தொடங்கினன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு வரை ஒரு பிரச்சினையும் இல்ல. அஞ்சுக்கு ஐயா வந்த உடனே என்ர கால் தானா அவரோட போயிட்டுது, மெட்டு ரெண்டு அடி பிந்திப்போச்சு. திரும்ப. அதே இடம். திரும்ப. ஆறாவது தரம் ஐயா தவிலை நிப்பாட்டிப்போட்டு, "நீர் என்னைக் கேக்கிறீர், அதுதான் பிழை. உம்மைக் கேளும், என்னைச் சும்மா பக்கத்தில நடக்க விடும்" எண்டார். பிறகு மகனைக் கூப்பிட்டு நடுவில இருத்தி நேர் தாளம் மட்டும் கையால போடச் சொன்னார், ஒரே சீரா. பெடியன் போட்டான். ஏழு வரை போனம். எட்டில சொண்டு போச்சு.

குளக்கட்டு:
அந்தப் பெடியனுக்கு என்ன வயசு?

தவில்வீடு:
12. கை நோகுது எண்டான், அவனுக்குப் பனங்கட்டி குடுத்தது. வாற சனி நீரும் வாரும் தம்பி, அவனை மாத்தி இருத்த ஒரு ஆள் வேணும். வெள்ளைமணல், வரேக்க வால்வு எண்ணெய் கொண்டு வாரும், தையல் மெசின் எண்ணெய் விட்டதில நடு வால்வு திரும்ப இறுகுது.